நான்காம் விலங்கு: தானியேல் நூலின் முன்னறிவிப்பும் யூத, உரோம வரலாறும்

1. முன்னுரை

விவிலியத்தின் முன்னறிவிப்புப் பகுதிகளுக்குப் பொருள் காண்பது சமயத் துறையினரின் பணி என்றும், மொழி இலக்கியத் துறையினருக்கு அதில் இடமில்லை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், 1715ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு முழுமையாகத் தமிழில் அச்சேறிய காலந்தொட்டு, விவிலிய மொழிபெயர்ப்பு தமிழ் உரைநடை வரலாற்றின் பிரிக்கவியலாத ஓர் அங்கமாகிவிட்டது. எனவே, அந்நூற்பகுதிகளை எவ்வாறு வாசிப்பது என்னும் வினா தமிழ் கற்பிப்போருக்கும் உரியதேயாகும்.

நாம் கையாளும் கலைச்சொற்களே இதற்குத் தக்க சான்று. பழைய மொழிபெயர்ப்புகளில் ஆளப்பட்ட 'தீர்க்கதரிசி' என்னும் சொல், தொலைவில் உள்ளதைக் காண்பவர் எனப் பொருள்படும். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியமோ 'இறைவாக்கினர்' என்னும் சொல்லை ஆள்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள 'நாபி' என்னும் சொல்லை அறிஞர்கள் அழைத்தல் என்னும் பொருளோடு தொடர்புபடுத்துவர். இறைவன் சார்பில் மக்களிடம் பேசுபவரை அது குறிக்கும். தமிழ்ச் சொற்கள் இரண்டனுள் முன்னது காட்சியைச் சார்ந்தது. பின்னது பேச்சைச் சார்ந்தது. முன்னதை மனத்திற் கொண்டு நூலுக்குள் நுழையும் வாசகர் வருங்கால நிகழ்ச்சிகளின் பட்டியலைத் தேடுவார். பின்னதைக் கொண்டு நுழைபவர், இது யாரிடம், எந்த இடுக்கணில் சொல்லப்பட்டது என வினவுவார்.

இக்கட்டுரை தானியேல் நூலின் ஏழாம் அதிகாரத்தில் வரும் நான்காம் விலங்கை மையமாகக் கொள்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 2ஆம் நூற்றாண்டு வரை அவ்விலங்கு எவ்வாறெல்லாம் அடையாளங் காணப்பட்டது என்பதையும், அவ்வாசிப்புகள் வரலாற்றில் விளைவித்தவை யாவை என்பதையும் இது ஆராய முற்படுகிறது. நம்பிக்கையை நிறுவுவதோ மறுப்பதோ இதன் நோக்கமன்று.

2. மூன்று காலங்கள்

முன்னறிவிப்பு நூல் ஒன்றை வரலாற்று நோக்கில் அணுகும்போது மூன்று காலங்களைப் பிரித்தறிதல் வேண்டும். நூலுக்குள் கதை நிகழும் காலம் ஒன்று. நூல் எழுந்த காலம் மற்றொன்று. பின்வந்தோர் அதனைத் தம் காலத்திற்குப் பொருத்தி வாசித்த காலம் மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன.

இவ்வேறுபாடு இந்தியவியல் பயில்வோருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கயவாகு மன்னனைக் கொண்டு காலம் கணிக்கும் விவாதத்தில், கதை நிகழ்ந்த காலமும் நூல் எழுந்த காலமும் ஒன்றாதல் வேண்டுமா என்பதே அடிப்படை வினாவாக இருந்து வந்துள்ளது. இன்னும் நெருங்கிய ஒப்புமை புராணங்களில் உண்டு. விட்ணு புராணம் நந்தர், மோரியர் முதலிய அரச மரபுகளை, பராசர முனிவர் முன்கூட்டியே உரைப்பதுபோல எதிர்காலத்தில் வைத்துக் கூறுகிறது. நடந்து முடிந்ததை வருவதாகக் கூறும் இம்முறை பண்டைய உலகில் பல மொழிகளிலும் வழங்கிய ஓர் இலக்கிய உத்தியாகும். அதனை ஏமாற்று எனக் கொள்வதினும், வரலாற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று உணர்த்தும் எடுத்துரைப்பு முறை எனக் கொள்வதே பொருத்தமாகும்.

3. அந்தியோக்கஸ் காலமும் தானியேல் நூலும்

தானியேல் நூலின் கதை கி.மு. 6ஆம் நூற்றாண்டில், பாபிலோனிய அரசவையில் நிகழ்கிறது. ஏழாம் அதிகாரத்தில் கடலிலிருந்து நான்கு விலங்குகள் எழுகின்றன. நான்காவது விலங்குக்குப் பத்துக் கொம்புகள். அவற்றினிடையே சிறிய கொம்பு ஒன்று முளைத்துப் பெருமை பேசுகிறது. விலங்குகள் நான்கு அரசுகள் என அந்நூலே விளக்குகிறது. ஆனால், நான்காவது எந்த அரசு என்று அவ்விடத்தில் பெயர் கூறவில்லை. எட்டாம் அதிகாரத்தில் மட்டும் மேதியா, பாரசீகம், கிரேக்கம் ஆகிய பெயர்கள் வெளிப்படையாக வருகின்றன. ஆதலின், பாபிலோன், மேதியா, பாரசீகம், கிரேக்கம் என்பதே நூல் உணர்த்தும் வரிசை என்பர் வரலாற்று ஆய்வாளருள் பெரும்பாலோர்.

பதினொன்றாம் அதிகாரம் இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமிகளுக்கும் சிரியாவை ஆண்ட செலூக்கியருக்கும் நிகழ்ந்த மணவுறவுகளையும் போர்களையும் அது பெயர் சுட்டாமல் நிரல்படக் கூறுகிறது. கி.மு. 217ஆம் ஆண்டின் ராப்பியாப் போரை அதில் எளிதில் இனங்காணலாம். இறுதியில் வரும் இழிந்த மன்னன், கி.மு. 175 முதல் 164 வரை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ் ஆவான்.

கி.மு. 168ஆம் ஆண்டில் அவன் இரண்டாம் முறை எகிப்தின்மீது படையெடுத்து அலெக்சாந்திரியாவை நெருங்கினான். அங்கே அவனை எதிர்கொண்டவர் பொபிலியஸ் லேனஸ் என்னும் உரோமத் தூதர். படையை விலக்கிக்கொள்ளுமாறு உரோம ஆட்சி மன்றம் விடுத்த ஆணையை நீட்டிய அவர், மன்னன் கலந்து பேசக் காலம் வேண்டியபோது, தம் கோலால் அவனைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் வரைந்து, அதனை விட்டு வெளியேறுமுன் விடை கூறுமாறு பணித்தார். மன்னன் பணிந்தான். இந்நிகழ்ச்சியைப் பொலிபியஸ் என்னும் வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளார். தானியேல் 11:30இல் இதே இடத்தில் கித்தீமின் கப்பல்கள் வருகின்றன. கித்தீம் என்பது சைப்ரஸ் தீவின் கித்தியோன் நகரையொட்டி எழுந்து, மேலைக் கடல் வழியாக வருவோரைப் பொதுவாகக் குறித்த பெயர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர் கித்தீம் என்பதை விடுத்து உரோமர் என்றே எழுதிவிட்டார். மொழிபெயர்ப்பு ஓர் உரையாகவும் செயற்படும் என்பதற்கு இஃது ஓர் அரிய சான்றாகும்.

எகிப்தை இழந்த மன்னனின் சினம் எருசலேமின்மேல் திரும்பியது. கி.மு. 167இல் கோயிலின் நாள்வழிப் பலி நிறுத்தப்பட்டது. யூத வழக்கங்கள் தடைசெய்யப்பட்டன. பலிபீடத்தின்மேல் அயல் வழிபாட்டுக்குரிய அமைப்பு நிறுவப்பட்டது. இதனையே நூல் 'பாழாக்கும் அருவருப்பு' என்கிறது. கி.மு. 164 டிசம்பரில் யூதா மக்கபே கோயிலை மீட்டுத் தூய்மை செய்தார். யூதர் இன்றும் கொண்டாடும் அனுக்கா விழா அந்நிகழ்ச்சியின் நினைவாகும்.

நூல் எழுந்த காலத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் துல்லியம் முடிவடையும் இடமே. 11ஆம் அதிகாரத்தின் இறுதியில் அம்மன்னன் மீண்டும் எகிப்தை வென்று, கடலுக்கும் தூய மலைக்கும் இடையில் மடிவான் என்று கூறப்படுகிறது. உண்மையில் அவன் கி.மு. 164இன் இறுதியில் பாரசீகப் பகுதியில் இறந்தான். அதுவரை நிகழ்ச்சிகளை நுணுக்கமாகக் கூறிய நூல் இவ்விடத்தில் வரலாற்றிலிருந்து விலகுவதால், அது கி.மு. 167க்கும் 164க்கும் இடையில் இன்றைய வடிவம் பெற்றது என்பது முடிபு. இது தற்கால ஆய்வாளரின் புதுக்கருத்தன்று. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் தீரு நகரத்துத் தத்துவ அறிஞர் போர்பிரி இதனை முன்வைத்தார். அவருடைய நூல் அழிந்துபோயினும், அவரை மறுத்து உரை எழுதிய ஜெரோமின் வழியாகவே அக்கருத்து நமக்குக் கிடைத்துள்ளது. நூல் 6ஆம் நூற்றாண்டினதே எனக் கொள்ளும் மரபுவழி நிலைப்பாடும் இன்றளவும் தொடர்கிறது.

ஆக, முதல் வாசகருக்கு நான்காம் விலங்கு தொலைவில் வரவிருந்த பகை அன்று. அது அவர்தம் வீட்டு வாயிலில் நின்ற பகை. உயிருக்கு அஞ்சி வழிபாட்டை மறைத்தோருக்கு, இவ்வாட்சிக்கு முடிவுண்டு என்று உரைத்ததே இந்நூலின் தொழிற்பாடு.

4. மறுவாசிப்பின் தொடக்கம்

தானியேல் நூலே ஒரு மறுவாசிப்பு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பாபிலோனின் ஆதிக்கம் 70 ஆண்டுகள் நீடிக்கும் என்று எரேமியா கூறியிருந்தார். கி.மு. 539இல் பாபிலோன் வீழ்ந்தது, கி.மு. 515இல் கோயில் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. எனினும், எதிர்பார்த்த விடுதலை முழுமையாக வரவில்லை. நூற்றாண்டுகள் கழிந்தபின், தானியேல் நூலின் ஒன்பதாம் அதிகாரம் அந்த 70 ஆண்டுகளை 70 ஆண்டுவாரங்களாக, அதாவது 490 ஆண்டுகளாக விரித்துப் பொருள் கொண்டது. நிறைவேறாத வாக்கு கைவிடப்படவில்லை. புதிய கணக்கில் மீண்டும் எழுதப்பட்டது. பின்வந்த தலைமுறையினர் தானியேல் நூலை இதே முறையில் அணுகினர்.

5. விலங்கு உரோமாக மாறுதல்

கி.மு. 63இல் உரோமத் தளபதி பாம்பே எருசலேமைக் கைப்பற்றி, தலைமைக் குரு ஆண்டுக்கொரு முறை மட்டுமே புகும் கோயிலின் உள்ளறைக்குள் நுழைந்தார். கிரேக்கர் ஆட்சி மறைந்து உரோமர் ஆட்சி எழுந்தது. தானியேல் கண்ட முடிவோ வரவில்லை. இந்நிலையில் பழைய பெயர்கள் புதிய பொருள் பெற்றன. 1947 முதல் சாக்கடலோரம் கும்ரான் குகைகளிற் கிடைத்த சுவடிகளுள் ஒன்றான அபக்கூக்கு உரை, அபக்கூக்கின் நூலிலுள்ள கல்தேயரைக் கித்தீம் எனப் பெயர் மாற்றி விளக்குகிறது. அக்கித்தீம் தம் படைக்கொடிகளுக்குப் பலியிடுவோர் என்று அவ்வுரை கூறுவதால், உரோமப் படையினரே சுட்டப்படுகின்றனர் என்பது தெளிவாகிறது. மூலத்தின் ஒரு தொடரை எழுதி, அதன்கீழ் அதன் பொருள் இன்னது எனத் தம் காலத்து நிகழ்ச்சியைக் காட்டுவது இவ்வுரையின் அமைப்பாகும்.

6. கி.பி. 66–70: இருபொருள்பட்ட வாக்கு

வாசிப்பு ஏட்டளவில் நிற்காது என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டியது. கி.பி. 66இல் யூதேயாவில் கிளர்ச்சி வெடித்தது. வரிச்சுமையும் உரோம ஆட்சியாளர் புளோரஸ் கோயில் கருவூலத்திலிருந்து 17 தாலந்து எடுத்ததும் உடனடிக் காரணங்கள். ஆயினும், மக்களைப் போருக்கு மிகுதியும் தூண்டியது திருநூல்களிற் காணப்பட்ட, இருபொருள்படக்கூடிய ஒரு வாக்கே என்கிறார் அப்போரில் பங்குகொண்ட யோசேபஸ். அவர்கள் நாட்டிலிருந்து ஒருவர் உலகை ஆள்வார் என்பது அவ்வாக்கு. அது திருநூலின் எப்பகுதி என அவர் கூறவில்லை. தானியேல் நூலையும், யாக்கோபிலிருந்து ஒரு விண்மீன் எழும் என்னும் எண்ணாகமப் பகுதியையும் ஆய்வாளர் சுட்டுவர். உரோம வரலாற்றாசிரியர்களான தாசிட்டஸ், சூவெட்டோனியஸ் ஆகிய இருவரும் இத்தகைய வாக்கு வழங்கியதைக் குறிப்பிடுகின்றனர்.

யோசேபஸ் கலிலேயாவில் கிளர்ச்சிப் படைக்குத் தலைமை தாங்கியவர். கி.பி. 67இல் யோத்தபாத்தாவில் பிடிபட்ட அவர், அவ்வாக்குக்குரியவர் தம்மைச் சிறைப்படுத்திய தளபதி வெஸ்பாசியனே என்று முன்மொழிந்தார். கி.பி. 69இல் வெஸ்பாசியன் யூதேயாப் போர்க்களத்திலிருந்து பேரரசரானார். யோசேபஸ் விடுதலை பெற்றார். ஒரே வாக்கு கிளர்ச்சியாளருக்கு வாளாகவும் கைதிக்கு உயிர்ப்பிச்சையாகவும் அமைந்தது. கி.பி. 70இல் வெஸ்பாசியனின் மகன் தீத்துஸ் எருசலேமைக் கைப்பற்றியபோது கோயில் எரிந்தது. அன்று கோயில் வளாகத்துக் கூடம் ஒன்றில் ஏறத்தாழ 6,000 பேர் தீயில் மாண்டனர் எனவும், மீட்பின் அடையாளங்களைக் காணக் கோயிலுக்கு ஏறுமாறு ஒருவர் உரைத்த பொய்வாக்கை நம்பியே அவர்கள் அங்குத் திரண்டனர் எனவும் யோசேபஸ் எழுதுகிறார். உரோமரின் ஆதரவில் எழுதியவர் என்பதால் அவர் கூற்றை எச்சரிக்கையோடு கொள்ளல் வேண்டும். எனினும், முன்னறிவிப்பைப் பொருள்கொண்ட முறை உயிர்களின் மேல் ஆணை செலுத்தியது என்பதை அவர் சான்று ஐயமற உணர்த்துகிறது.

பிற்காலத்தில் எழுதிய 'யூதர் தொன்மை வரலாறு' என்னும் நூலில், தானியேல் உரோமப் பேரரசைப் பற்றியும் எழுதினார் என்று யோசேபஸ் கூறுகிறார். ஆனால், பேரரசுகளின் சிலையை நொறுக்கும் கல் எதனைக் குறிக்கிறது என்னும் இடத்தில், கடந்ததை எழுதுவதே தம் பணி என்று சொல்லி விலகிக்கொள்கிறார். உரோமில் வாழ்ந்தவர் அக்கல்லை விளக்கியிருப்பின், உரோமின் வீழ்ச்சியைக் கூற நேர்ந்திருக்கும். அவருடைய மௌனமும் ஓர் உரையே.

7. கோயில் அழிந்தபின் எழுந்த வாசிப்புகள்

கோயிலின் அழிவு கிறித்தவ நூல்களிலும் பதிந்துள்ளது. மாற்கு நற்செய்தி 13:14 தானியேலின் 'பாழாக்கும் அருவருப்பு' என்னும் தொடரை எடுத்தாண்டு, வாசிப்பவர் உணர்ந்துகொள்க என்று குறிப்புக் காட்டுகிறது. லூக்கா நற்செய்தி 21:20இல் அதே இடத்தில், படைகள் சூழ்ந்த எருசலேம் வருகிறது. மறைபொருளாக இருந்த தொடர் முற்றுகைக் காட்சியாக மாறியிருப்பதால், லூக்கா கி.பி. 70ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை அறிந்து எழுதினார் என்பர் ஆய்வாளர் பலர்.

கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இரு நூல்கள் நான்காம் விலங்கை வெளிப்படையாகவே உரோமாக்கின. முதலாவது, எஸ்ராவின் நான்காம் நூல் எனப்படும் யூதப் பனுவல். கடலிலிருந்து எழும் கழுகு ஒன்றை எஸ்ரா காண்கிறார். கழுகு உரோமப் படைகளின் சின்னம். தானியேல் கண்ட நான்காம் அரசு இதுவே என்றும், அவருக்கு இவ்வாறு விளக்கப்படவில்லை என்றும் தேவதூதர் கூறுகிறார். முன்னைய நூலின் பொருளைத் தாம் மாற்றுவதை இந்நூலாசிரியர் நன்கறிந்தே செய்கிறார், அதனை மறைக்கவுமில்லை.

இரண்டாவது, கிறித்தவரின் திருவெளிப்பாடு நூல். அதன் 13ஆம் அதிகாரத்தில் வரும் விலங்கு, தானியேலின் சிறுத்தை, கரடி, சிங்கம் ஆகியவற்றின் உறுப்புகளை ஒருங்கே கொண்டது. 17ஆம் அதிகாரத்தில் பாபிலோன் எனப்படும் பெண் ஏழு மலைகளின்மேல் வீற்றிருக்கிறாள். ஏழு குன்றுகளின் நகர் உரோம் என்பதை அக்கால வாசகர் அனைவரும் அறிவர். பாபிலோன் முதற் கோயிலை அழித்தது. உரோம் இரண்டாம் கோயிலை அழித்தது. ஆதலின் அப்பெயர் பொருந்திற்று.

666 என்னும் எண்ணும் இவ்வாறே விளங்கும். எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் வழங்கும். க என்பதை ஒன்றாகவும் உ என்பதை இரண்டாகவும் எழுதும் பழந்தமிழ் எண்முறையை அறிந்த நமக்கு இது வியப்பளிப்பதன்று. 'நெரோன் கேசர்' என்பதனை எபிரேய எழுத்தில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோப் 100, சாமெக் 60, ரேஷ் 200 என வரும், கூட்டுத்தொகை 666. கிரேக்க வடிவமான நெரோன் என்பதன் இறுதி நூனை நீக்கி, இலத்தீன் முறைப்படி நீரோ என எழுதினால் 616 ஆகும். எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்து 1999இல் வெளியிடப்பட்ட பாப்பிரஸ் சுவடி ஒன்றில் 616 என்னும் பாடமே உள்ளது. இப்பாடவேறுபாட்டை கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரேனியஸும் அறிந்திருந்தார். கிறித்தவரைக் கொடுமைப்படுத்திய நீரோ கி.பி. 68இல் இறந்தபின்னும் அவர் திரும்பி வருவார் என்னும் வதந்தி நிலவியது. சாவுக்குரிய காயம் ஆறிய விலங்கின் தலை அவ்வதந்தியை நினைவூட்டுகிறது.

8. விண்மீனின் மகன்

கி.பி. 132இல் மீண்டும் ஒரு கிளர்ச்சி எழுந்தது. எருசலேம் இருந்த இடத்தில் உரோம நகர் ஒன்றை நிறுவ அட்ரியன் பேரரசர் முற்பட்டது அதன் காரணங்களுள் ஒன்று. கிளர்ச்சித் தலைவரின் பெயர் சிமோன் பென் கோசிபா என்பது, 1950கள் தொடங்கி யூதேயப் பாலைநிலக் குகைகளிற் கிடைத்த அவருடைய கடிதங்களால் உறுதியாயிற்று. புகழ்பெற்ற ரபி அக்கிவா எண்ணாகமத்தின் விண்மீன் வாக்கை இவருக்குப் பொருத்தினார் என எருசலேம் தால்முத் கூறுகிறது. அதனாலேயே அவர் 'விண்மீனின் மகன்' எனப் பொருள்படும் பார் கோக்பா ஆனார். அக்கிவாவை அப்போதே மறுத்த ஆசிரியர் ஒருவரையும் அந்நூல் குறிப்பிடுகிறது. கி.பி. 135இல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. போரில் 5,80,000 பேர் மடிந்தனர் என்று காசியஸ் டியோ எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாயினும் அழிவின் பெருமை மறுக்கவியலாதது. யூதர் எருசலேமுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. பின்னாளைய ரபிகளின் நூல்கள் முடிவுநாளைக் கணக்கிடுவோரைக் கடுமையாகக் கண்டிக்கின்றன. அக்கண்டனத்தின் பின்னே இத்துயர வரலாறு நிற்கிறது எனக் கருதுவது தவறாகாது.

9. பயிற்றலில் கொள்ளத்தக்கவை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, நான்காம் விலங்கு உரோம் என்னும் விடை தவறானது என்று தள்ளத்தக்கதன்று. நூல் எழுந்த காலத்திற்கு அது பொருந்தாது. ஆனால் யோசேபஸுக்கும் எஸ்ரா நூலாசிரியருக்கும் அதுவே பொருள். மாணவர் யார் இவ்விலங்கு என வினவுமிடத்து, எந்த வாசகருக்கு, எந்த ஆண்டில் என்று எதிர்வினா எழுப்புவதே ஆசிரியர் செய்யத்தக்கது.

இரண்டாவது, வரலாற்று விளக்கத்திற்கும் எல்லையுண்டு. பத்துக் கொம்புகளும் எந்தப் பத்து மன்னர் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் உடன்பாடில்லை. குறியீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள்பெயரைத் தேடித் தீர்ப்பது, முடிவுநாளுக்கு ஆண்டு குறிப்பதைப் போன்றே பனுவலை வறியதாக்கிவிடும்.

மூன்றாவது, வாசிப்பவர் தம் வாசிப்பின் விளைவுக்குப் பொறுப்புடையவர். கோயிலின் அழிவை யூத இனத்துக்குக் கிடைத்த தண்டனை என விளக்கிய பிற்காலக் கிறித்தவ உரைகள், நூற்றாண்டுகள் தொடர்ந்த யூத வெறுப்புக்குத் துணைபோயின. அமெரிக்காவில் வில்லியம் மில்லரும் அவரைப் பின்பற்றியோரும் தானியேல் 8ஆம் அதிகாரத்தின் 2,300 நாள்களை ஆண்டுகளாக எண்ணி, 1844 அக்டோபர் 22ஆம் நாளைக் குறித்தனர். அந்நாள் வந்து கடந்தது. நம்பியிருந்த பல்லாயிரவர் மனமுடைந்தனர். இரண்டிலும் மூன்று காலங்கள் ஒன்றாகக் குழைக்கப்பட்டன என்பதே அடிப்படைப் பிழை.

10. முடிவுரை

யூதத் திருமறையின் பகுப்பில் தானியேல் நூல் இறைவாக்கினர் தொகுதியில் வைக்கப்படவில்லை. எழுத்துகள் எனப்படும் மூன்றாம் தொகுதியிலேயே இடம்பெறுகிறது. கிறித்தவ மரபு அதனை இறைவாக்கினரோடு சேர்த்தது. ஒரு நூலை எங்கே வைப்பது, எச்சொல்லால் அழைப்பது என்பவையும் பொருள்கோளின் பகுதிகளே என்பதை இது காட்டுகிறது.

அந்தியோக்கஸும் நீரோவும் அட்ரியனும் மறைந்தனர். அவரவர் காலத்தில் ஒடுக்கப்பட்டோர், ஒரே விலங்கின் உருவில் தத்தம் துயரை எழுதிவைத்தனர். அவ்வுருவத்தில் நாளைய செய்தியைத் தேடுமுன், அதை எழுதியவர் எதற்கு அஞ்சினார், எதனை நம்பினார் என்று கேட்பது பழம்பனுவலுக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதையாகும். அக்கேள்வியை வகுப்பறையில் பழக்குவது, எம்மொழிப் பனுவலாயினும், ஆசிரியரின் கடன் என்பது நம் துணிபு.